தறிக்கூடத்தில் கிர்ணிப்பழ ஐஸ்

எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தபோது அதை எங்கே வைப்பது என்று பெரிய சண்டையே நடந்தது. சமையலறையில் ஆள் திரும்பவே இடம் போதாது. இருந்த ஒரே கூடத்தில் தறி உட்கார்ந்திருந்தது. கடைசியில் தறிக்குப் பக்கத்திலேயே சுவரோரமாக நிறுத்தினார்கள். அண்ணன் ஆரணி டவுனில் யாரிடமோ பழையதாக வாங்கி வந்த ஃப்ரிட்ஜ் அது. கதவைத் திறந்தாலும் முனகும், மூடினாலும் முனகும். "தறியும் அதுவும் பேசிகினு கெடக்கட்டும், நமக்கு இன்னா?" என்றார் அப்பா.

அம்மா அதைத் தறிச் சாமான்களில் ஒன்றாகத்தான் பார்த்தாள். பட்டுப் பாவை, அதாவது நீளவாட்டு இழைகளை, தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, நீவி, காயவிடுவார்கள். அப்போதுதான் இழை விறைப்பாக நிற்கும், நெய்யும்போது அறுந்து உயிரை வாங்காது. விடியும்போதே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டிய வேலை. அதற்கான கஞ்சியை முதல் நாளே காய்ச்சி வைத்தால் கோடையில் விடிவதற்குள் புளித்துவிடும். புளித்த வாடை பட்டில் ஏறினால் லேசில் போகாது. ஆகவே ஃப்ரிட்ஜ் என்பது பாவுக் கஞ்சி புளிக்காமல் காப்பாற்றும் பெட்டி, அவ்வளவுதான். தயிரும் பூவும் மிச்சக் குழம்பும் அம்மாவின் தயவில் அதில் ஒண்டுக்குடித்தனம் நடத்தின.

இந்த வீட்டுக்குத்தான் அண்ணி வந்து சேர்ந்தாள். தெள்ளாருக்குப் பக்கத்தில் ஊர். எங்கள் சொந்தம்தான், ஆனால் அவர்கள் வீட்டில் எப்போதோ தறியை விட்டுவிட்டு நிலத்துக்குப் போய்விட்டார்கள். அவளுக்குக் கிர்ணிப்பழத்தைத் தட்டிப் பார்க்காமல், மோந்து பார்த்தே பழுத்ததா இல்லையா என்று சொல்லத் தெரியும். பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று கேட்டால் சிரிப்பாள். அவள் வந்த முதல் வாரமே அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. தெரியாததைத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்கிற ஆளை அதற்கு முன் எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

அப்பா அவளோடு பேசமாட்டார். கோபம் ஒன்றும் கிடையாது. மாமனார் மருமகளிடம் நேராகப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சொல்லவேண்டியதை என்னைப் பார்த்துச் சொல்வார், அவள் பக்கத்திலேயே நின்றாலும். "அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சான்னு கேளு." நான் திரும்பி, "சாப்ட்டீங்களா அண்ணி?" என்பேன். "சாப்ட்டேன்னு சொல்லு" என்பாள் அவள். டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் எனக்கு அதே வேலைதான், ஒருவர் சொன்னதைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது.

அண்ணி வந்த மறு வருஷம் அப்பாவின் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் வந்தது. தறியில் உட்கார்ந்தால் வாயில் புகையிலை இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. புண் ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள், ஆபரேஷன் வேண்டாம், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தால் போதும் என்றார்கள். பங்குனியிலிருந்து அண்ணனும் அவரும் தினமும் பஸ்ஸில் போய் கரண்ட் வைத்துக்கொண்டு மத்தியானம் திரும்புவார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாய் முழுக்க வெந்துவிட்டது. உமிழ்நீர் நின்றுபோயிற்று, நாக்கில் ருசி போயிற்று. காரம், புளிப்பு, சூடு எதுவும் ஆகாது. ரசம் சாதத்தைக் கரைத்துக் கொடுத்தாலும் கண்ணில் தண்ணீர் வரும். தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

எடை இறங்கிக்கொண்டே போனது. இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அதற்குக் கொடுத்த பதில் ஒன்றுதான். "மூக்குல டியூப் மாட்டிகினு தெருவுல நடக்கமாட்டேன். அதுக்கு இதோட வுட்டுட்றேன்." கரண்ட் பாதியில் இருந்தது. பாதியில் விட்டால் வைத்ததும் வீண் என்றார் டாக்டர். அப்பா சொன்னால் செய்கிற ஆள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் சாப்பிட்டால் வைத்தியம் நடக்கும், சாப்பிடாவிட்டால் நின்றுபோகும், விஷயம் அவ்வளவுதான்.

பார்க்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? ஆப்பிளும் சாத்துக்குடியுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். கடிக்க முடியாத மனிதருக்கு ஆப்பிள், புளிப்பு பட்டால் துடிக்கிற வாய்க்குச் சாத்துக்குடி. கொடுத்துவிட்டு, "நல்லா சாப்டணும் மாமா, அப்பதான் தெம்பு வரும்" என்று வாய் கூசாமல் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தியிடம், "நீங்களே உரிச்சி ஊட்டிட்டுப் போங்களேன்" என்று சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்கினேன். அண்ணி மட்டும் அந்தப் பழங்களை எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டு யோசனையாகப் பார்ப்பாள்.

டாக்டர் போகிற போக்கில் சில்லென்று எதையாவது கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். அண்ணி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பழ ஐஸ் செய்கிறேன் என்றாள். "சீக்காளிக்கு ஐஸா? சளி புடிச்சிகினா யாரு பதில் சொல்றது?" என்று அம்மா குதித்தாள். "வாய் எரியுது அத்தை. எரியிற எடத்துல சில்லுனு வெச்சா கேக்கும் இல்ல?" என்றாள் அண்ணி.

பழத்தை மத்தால் மசித்து, சர்க்கரைப் பாகு சேர்த்து, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தாள். தர்பூசணி பாறையாக உறைந்தது, உடைக்க உலக்கை வேண்டும்போல இருந்தது. சப்போட்டா நரநரவென்றது. மாம்பழத்தில் நார், அடியில் கொஞ்சம் புளிப்பும். ஆப்பிளை வேகவைத்து மசித்துப் பார்த்தாள், அது எங்களுக்கே பிடிக்கவில்லை. அவள் அண்ணன் தெள்ளாரிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பிய கிர்ணிப்பழம் எல்லாவற்றையும்விடத் தேவலை. ஆனால் அதிலும் பொடிப்பொடியாக ஐஸ் சில்லு. நமக்கு அது ஒன்றுமே இல்லை, வாயில் வைத்தவுடன் கரைந்துவிடும். வெந்த வாய்க்கு ஒவ்வொரு சில்லும் மணல். அப்பா ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டு கண்ணை இறுக மூடுவார், அடுத்த ஸ்பூனுக்குக் கையால் வேண்டாம் என்பார்.

அண்ணி ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு அடுத்த பழத்தை எடுப்பாள். தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை ஒன்று இருந்தது, அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் நெய்துகொண்டிருந்தான். பழச்சாறு ஒரு சொட்டு தெறித்தாலும் தீர்ந்தது கதை. அதனால் ஃப்ரிட்ஜிலிருந்து எதை எடுத்தாலும் மூடி போட்டு, முந்தானையால் சுற்றி, தறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து போவாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி அவள் போவதைப் பார்த்துப் படுக்கையிலிருந்த அப்பாகூட ஒரு நாள் சிரித்தார்.

அடுத்த பாவுக்கு நாள் வந்தது. அம்மா சாயங்காலம் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து, ஒரு தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். அதே தட்டில், அதே மாதிரி இன்னொரு தூக்கில் அண்ணி தேங்காய்ப்பால் வைத்திருந்தாள். கிர்ணியோடு தேங்காய்ப்பால் சேர்த்தால் சில்லு விழாது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். விளக்கு வைத்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தபின் திறக்கலாம் என்று அவள் காத்திருக்கவில்லை, குளிர்ச்சி போவதற்குள் கலந்துவிட வேண்டுமென்று இருட்டில் கையை விட்டு ஒரு தூக்கை எடுத்தாள். வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. ஊற்றிக் கலந்தாள்.

விடியும்போது தெருவில் பாவு நீட்டிக் கட்டியாயிற்று. மாம்பழ நிறம், அரக்குச் சாயம் ஏறிய கரை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பாவென்றால் அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள், ஆளுக்கொரு பக்கம் நின்று அறுந்த இழைகளைச் சேர்ப்பார்கள். அம்மா உள்ளே வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து தூக்கை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போனாள். கை நிறைய அள்ளித் தெளிக்கப் போன நேரத்தில், எதிரில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாக்கா, தேங்கா வாசனை வருது?"

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. எண்ணெய்ப்பசை பட்ட பட்டு இழை என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஒரு பாவே போயிருக்கும். விரலை நக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்த சத்தம் சேத்துப்பட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குச் சற்று முன்னால், இது எதுவும் தெரியாமல் நான் உள்ளே அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி ஃப்ரீஸரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். அவர் சாப்பிடும்போது எதிரில் நிற்கமாட்டாள். நான் ஒரு ஸ்பூன் எடுத்தேன். வழக்கம்போல அது சொரசொரவென்று சுரண்டிக்கொண்டு வரவில்லை, வெண்ணெயில் இறங்குவதுபோல ஸ்பூன் இறங்கியது. அப்பா வாயில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். கண்ணை இறுக்கவில்லை. திறந்து என்னைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

நான் ஊட்டிக்கொண்டே இருந்தேன். பேசினால் நின்றுவிடுமோ என்று மூச்சுகூட விடாமல் ஊட்டினேன். பாதி கிண்ணம் காலியான சமயத்தில் அம்மா உள்ளே ஓடிவந்தாள்.

"அத்தக் குடுக்காதடி! அது பாவுக் கஞ்சி!"

"ஐயோ அத்தை, நான் தேங்காப்பால்னு…" என்றாள் அண்ணி. அம்மா கிண்ணத்தைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அப்பா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேற எதுனா கலந்தியா அதுல?" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் பேசிய முழு வாக்கியம் அது. குரல் கிழிந்த துணி மாதிரி வந்தது.

"ஒண்ணும் கலக்கல. வெறும் அரிசிதான்."

"அரிசிதான? நெசவுக்காரன் வவுத்துக்கு ஆவாதா? போயி ஜல்தியா வேற கஞ்சி காச்சு. வெய்யில் ஏறுது."

சொல்லிவிட்டு ஸ்பூனை என்னிடமிருந்து வாங்கித் தானே சாப்பிட்டு முடித்தார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குப் பாவு வெயில் ஏறித்தான் முடிந்தது. தெருவில் யாரும் முணுமுணுக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணி செய்ததைத்தான் நான் இன்றைக்கும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தவறிப்போய் நடந்ததை அவள் அப்படியே விட்டுவிடவில்லை. எவ்வளவு கஞ்சி, எவ்வளவு பழம் என்று செய்து செய்து பார்த்தாள். கெட்டிக் கஞ்சி போட்டால் களி மாதிரி ஆயிற்று, நீர்க்கக் காய்ச்சினால் மறுபடி சில்லு விழுந்தது. பழைய அரிசியைவிடப் புது அரிசியின் கஞ்சி வழவழப்பு என்று கண்டுபிடித்தாள். மெல்லிய வேட்டித் துணியில் பழத்தை வடிகட்டினாள். ஓரம் உறைய ஆரம்பித்ததும் வெளியே எடுத்து மத்தால் அடித்து மறுபடி உள்ளே வைப்பாள், திரும்ப எடுப்பாள், திரும்ப அடிப்பாள். பாவுக் கஞ்சி பதம் பார்க்க அம்மா கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தொட்டு இழுத்துப் பார்ப்பாள். அண்ணியும் அதே மாதிரி செய்வதை ஒரு நாள் அம்மா பார்த்துவிட்டு, "இன்னும் சித்த எளக்கமா இருக்கணும்" என்றாள். அன்றிலிருந்து கஞ்சி அம்மாவுடையது, பழம் அண்ணியுடையது. தூக்கு மாறிப்போகக் கூடாது என்று அம்மா பாவுக் கஞ்சித் தூக்கின் கைப்பிடியில் ஒரு பட்டு நூலைக் கட்டிவைத்தாள்.

கரண்ட் கட் எங்களைப் படுத்தி எடுத்தது. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் போனால் எப்போது வரும் என்று சொல்லமுடியாது. ஒரு நாள் டிபன் பாக்ஸில் எல்லாம் தண்ணீராகிவிட்டது, அவர்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிற நேரம். அண்ணி என்னை ஐஸ் கம்பெனிக்கு விரட்டினாள். சாக்கில் சுற்றி ஒரு பாளம் கொண்டுவந்தேன். அதை உடைத்து வாளியில் போட்டு, கல்லுப்பைக் கொட்டி, நடுவில் மூடிபோட்ட டப்பாவை இறக்கி, இரண்டு கையாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். விரல்கள் சிவந்து வீங்கிவிட்டன. நான் மாற்றுகிறேன் என்றதற்கு, "நீ வேகமா சுத்துவ, தெறிக்கும்" என்றாள். தறி பக்கத்தில்தானே இருந்தது.

நான் ஒரு நாள் அவளிடம் கேட்டேன். அப்பாவுக்குத்தான் ருசியே தெரியவில்லையே, வழவழவென்று சில்லென்று இருந்தால் இறங்கிவிடுகிறதே, எதற்குப் பழத்தை மோந்து பார்த்து, சர்க்கரையை நாக்கில் வைத்து வைத்துப் பார்த்துப் போடுகிறீர்கள்? வெறும் கஞ்சியை உறையவைத்துக் கொடுத்தாலும் அவருக்கு ஒன்றுதானே?

"அவருக்குத் தெரியலன்னா போவுது, செய்றவளுக்குத் தெரியும் இல்ல?" என்றாள். பிறகு, "ருசி என்னிக்கித் திரும்பி வரும்னு யாருக்குத் தெரியும்? அன்னிக்கிப் பாத்து வாயில மண்ணு மாதிரி இருந்தா?" என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை, எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை. கிர்ணி விதைகளை அலசிக் கொடுத்தேன்.

எடை அதற்கு மேல் இறங்கவில்லை. அகல வாய் ஃபிளாஸ்கில் போட்டுக் கொடுத்து அனுப்பியதை ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து அப்பா சாப்பிடுவார் என்று அண்ணன் சொன்னான். குழாய் பேச்சு நின்றுபோயிற்று. கரண்ட் முழுசாக வைத்து முடித்தார்கள். புண் ஆறிக்கொண்டு வந்தது. பிறகு மெல்ல மெல்ல அப்பா தறியில் உட்கார ஆரம்பித்தார், கொஞ்ச நேரம்தான், அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு. புகையிலை இல்லாமல் கை ஓடவே செய்தது. ருசி மட்டும் வரவில்லை. சிலருக்கு வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதைச் சாப்பிட்டாலும் காகிதம் மெல்கிற மாதிரி இருக்கிறது என்பார். ஐஸை மட்டும் தினமும் சாயங்காலம் கேட்டு வாங்கிக்கொள்வார், என் மூலமாகத்தான். "அந்தப் பொண்ணு வெச்சிகிதான்னு கேளு."

ஆனி மாதத்தில் ஒரு கிருத்திகை. அண்ணிக்கு விரதம், பச்சைத் தண்ணீர்கூட நாக்கில் படக்கூடாது. கடைசிக் காய்ப்புக் கிர்ணி ஊரிலிருந்து வந்திருந்தது. சர்க்கரையைக் கண்ணளவாகப் போட்டாள். சாயங்காலம் அப்பா தறியை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்தார். நான் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி கதவோரம் நின்றாள். அப்பா ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். ஸ்பூன் பிடித்த கை அப்படியே நின்றது. மறுபடியும் புண்ணோ என்று நான் எட்டிப் பார்த்தேன். இன்னொரு ஸ்பூன் எடுத்தார், வாயில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் உருட்டினார். பிறகு தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்.

"சக்கர தூக்கலா போட்டுட்டியே, அம்மாடி."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணி அழுகிற சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அப்பாவின் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஆமாம், தூக்கல்தான்.